கடல் காற்றுக்கு இரண்டு எண்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ரேடியோவில் செய்தி ஆரம்பித்தது. ஏழு இருபதுக்குக் கையிலிருந்த காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். வங்கக் கடலில் புயல், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பது ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்கிற வாசகம்தான். அதற்கு அடுத்த வாக்கியம் புதிது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருக்கும் மூன்று சரக்குக் கப்பல்கள் புயலுக்கு அருகில் இருப்பதாகச் சொன்னார்கள். கப்பல்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை கல்கத்தாவிலிருந்து புறப்படுகிறோம் என்று என் மகன் போட்ட கார்டு அலமாரியில் இருந்தது. அவனுக்கு இருபத்தொரு வயது. கப்பலின் எஞ்சின் அறையில் பயிற்சிக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அடுப்படியில் இருந்த மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினேன். மாடியில் குடியிருந்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தெருவில் அவரைக் காத்துக்காரம்மா என்று சொல்வார்கள். சென்னையில் வானிலை ஆபீஸ் வேலை. நாற்பது வயதுக்கு இரண்டொன்று கூடவோ குறையவோ இருக்கும். இப்படிச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அவர் முதன்முதலில் என்னிடம் வந்தது வீடு கேட்டு அல்ல, தாள் கேட்டு. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன் நான். கரையில் ஓடவேண்டிய அன்னத்தையோ மயிலையோ முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவோம். ஒரு கட்டம் ஒரு இழை. எந்தக் கட்டத்தில் சிவப்பு மை இருக்கிறதோ அந்த இடத்தில் ஜரிகை மேலே வரும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள், அட்டை தறியில் ஏறும். அந்த அகலத் தாளைத் தேடிக்கொண்டுதான் என் வேலை மேசைக்கு வந்து நின்றார். பையிலிருந்து ஒரு எஃகு ஸ்கேலை எடுத்துத் தாளின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தார்.

“அண்ணே, இந்த மூலையில பத்து கட்டம் ஒரு அங்குலம் இருக்குது. அந்த மூலையில ஒரு மயிரிழை கூட இருக்குது.”

“சேலைக்கு இது போதும்மா.”

“எனக்கு இதுல கடல் இருக்குது.”

எத்தனை தாள் வேண்டும் என்று கேட்டேன்.

“வருஷத்துக்கு எண்பதுலேர்ந்து நூறு.”

“எண்பதா, நூறா?”

“எண்பதுக்குக் கீழே போவாது, நூறுக்கு மேல போவாது. இருபது வருஷத்துல ஒரு வருஷம் தப்பலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஒரு எண் கிடைக்காது. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் உண்மை. கூடவே, இருபது தடவை சொன்னால் ஒரு தடவை தப்பும் என்ற வாசகம். முதலில் நான் அதை நழுவல் என்று நினைத்தேன். எதையும் ஒப்புக்கொள்ளாத சர்க்கார் ஆபீஸ் பேச்சு என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, நான் பார்த்த மனிதர்களில் அவரைப் போல உறுதியாகப் பேசுகிறவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது பொய்த்தால் மழையைக் காரணம் சொல்வார்கள், பஸ்ஸைக் காரணம் சொல்வார்கள். அவர் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு அவற்றுக்கு நடுவில் நகராமல் நிற்பார்.

வீடு கேட்டு வந்தபோது என் மனைவியிடம் மாடிப்படியிலேயே நின்று பேசினார். அதற்கு முன் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் கேட்டிருக்கிறார். ஊரைச் சொன்னதும் மூன்று வீட்டிலும் மாடி வேறு யாருக்கோ பேசி முடிந்துவிட்டதாம். நான்காவது எங்கள் வீடு.

“அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். எங்க ஊரு வாலாஜாபாத்துக்கு அந்தாண்ட, காலனி. சர்ச்சுக்குப் போறவங்க. கறி சமைப்பேன். வாரத்துல ஒரு நாளுலேர்ந்து மூணு நாளு வரைக்கும்.”

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். “மூணுக்கு மேல போவாதே?”

“போவாது.”

“அப்ப மேல ஏறிப் பாரு. தண்ணி மட்டும் கீழேருந்துதான் தூக்கணும்.”

ஐந்து வருஷம் இருந்தார். மூன்று நாளைத் தாண்டிய வாரம் ஒன்றிருந்தது, அவருடைய தம்பி வந்திருந்தபோது. அன்று காலையிலேயே கீழே வந்து, “அக்கா, இந்த வாரம் தப்பிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அதற்குள் அந்தக் கணக்கையே மறந்திருந்தாள்.

அவருடைய வேலை என்ன என்பதை எங்களுக்கு விளக்க ஒரு நாள் மத்தியானம் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார். தண்ணீரில் சூரியன் சின்னக் காசு போலக் கண்ணைக் குத்தியது.

“ஊதுங்கக்கா.”

என் மனைவி ஊதினாள். காசு உடைந்து தாம்பாளம் முழுக்கப் பரவி மினுமினுத்தது.

“கடலும் இப்படித்தான். காத்து இல்லைன்னா வெயில் ஒரே எடத்துல நிக்கும். காத்து அடிச்சா அலை எழும்பும், வெயில் கலைஞ்சு பெருசாயிடும். மேலருந்து செயற்கைக்கோள் ஒரு படம் புடிக்குது. அதுல காத்து தெரியாது. வெயில் எவ்வளவு கலைஞ்சுதுன்னு தெரியும், மேகம் எப்படி வரிவரியாப் போவுதுன்னு தெரியும். அதைப் பாத்து, ஊதினது எவ்வளவுன்னு நான் சொல்லணும்.”

“நான் ஊதினது எவ்வளவு?” என்றாள் என் மனைவி.

“கொஞ்சத்துக்கும் ரொம்பக் கொஞ்சத்துக்கும் நடுவுல.”

“சாப்ட்டுட்டு ஊதறேன், அப்பப் பாரு.”

நடுக்கடலில் காற்றை அளக்க ஆள் கிடையாது. அங்கே போகிற கப்பல்கள் மட்டும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, தாங்கள் இருக்கும் இடத்தையும் அங்கே அடிக்கிற காற்றின் வேகத்தையும் வயர்லெஸ்ஸில் சொல்லும். கப்பல் இல்லாத இடத்தில் கடல் ஊமை. அதனால் கப்பல் சொன்ன காற்றையும், அதே நாளில் அதே இடத்தில் படம் காட்டியதையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து எழுதிக்கொண்டே வந்தார். இப்படிக் கலைந்த வெயிலுக்கு இத்தனையிலிருந்து இத்தனை காற்று, இப்படிச் சுழன்ற மேகத்துக்கு இத்தனையிலிருந்து இத்தனை என்று பல வருஷ ஜோடிகளிலிருந்து ஓர் அட்டவணை போட்டிருந்தார். அவ்வளவையும் என்னிடம் வாங்கிய சேலைத் தாளில் புள்ளி வைத்துத்தான் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் புட்டா போட்ட முந்தானை மாதிரி இருக்கும். ஒரு தடவை அவர் என் மேசையில் வைத்துவிட்டுப்போன தாளை, அட்டைக்குத் துளை போடுகிறவர் என் டிசைன் என்று நினைத்து எடுத்துப்போய்விட்டார். நல்ல வேளையாகப் பத்து வரி துளைத்ததும் சந்தேகம் வந்து திருப்பிக் கொண்டுவந்தார். “இன்னாபா இது, டிசைன் ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது” என்றார்.

ஆபீஸில் ஒரு பெரியவர் இவரிடம், “எதுக்கும்மா ரெண்டு நம்பர், ஒண்ணு குடு” என்று கேட்டாராம். “ஒண்ணு வேணும்னா ரோட்டுல போறவங்க யாரு வேணாலும் குடுப்பாங்க சார்” என்று சொல்லியிருக்கிறார். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்கு ஏன் முகம் சுருங்கிற்று என்று என்னிடம் கேட்பதற்காகச் சொன்னார்.

வைகாசிக் கருட சேவைக்கு வரதராஜர் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வருவார். சுவாமி எங்கள் தெரு முனைக்கு எப்போது வரும் என்பதில் வருஷா வருஷம் சண்டை. வழியில் எத்தனை மண்டகப்படி, எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பது பெருமாளுக்கே தெரியாது. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் வம்புக்கு இழுத்தார்.

“இன்னாமா, கடல்ல அடிக்கிற காத்தையே சொல்றியே, சாமி எப்ப வரும் சொல்லு பாக்கலாம்.”

காத்துக்காரம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தின வருஷங்களில் எத்தனை மணிக்கு வந்தது என்று ஏழெட்டு வீட்டில் விசாரித்தார். கடைசியில், “எட்டேகாலுலேர்ந்து ஒம்பதுக்குள்ள” என்றார். தெருவே அதை நம்பிக் குளித்து முழுகி எட்டு மணிக்குத் தேங்காயோடு நின்றது. சுவாமி வந்தது ஒன்பதரைக்கு. கற்பூரம் காட்டி, குடை தாண்டிப் போய், கூட்டம் கலைந்ததும் அவர் வீடு வீடாக ஏறினார். “நான் சொன்னது தப்பாப் போச்சு. அரை மணி தள்ளிடுச்சு.” பன்னிரண்டு வீட்டிலும் இதே வாசகம்.

தறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “அதான் நாங்களே நின்னு பாத்தோமே. தப்புன்னு சொல்றதுக்கு யாராச்சும் படியேறி வருவாங்களா?”

“சொன்னப்ப வந்தேன் இல்ல, இப்பவும் வரணும் இல்ல.”

அதிலிருந்து தெருவில் யாராவது சோற்றில் உப்பு கூடப் போட்டால்கூட, “இன்னிக்கு இருபதாவது நாளு போலக்குது” என்பார்கள்.

நான் அவர்மீது மனத்தாங்கல் கொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மகன் கப்பலுக்குப் போகிறேன் என்று நின்றபோது, இவர் சொன்னால் கேட்பான் என்று மாடிக்கு அழைத்துப் போனேன். கடலைப் பற்றி இவருக்குத் தெரியாதது இல்லை. பயமுறுத்தி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு தாளைப் பிரித்து, இந்தக் கடலில் எந்த மாதத்தில் எவ்வளவு காற்று, எந்த அளவு காற்றை எந்த அளவு கப்பல் தாங்கும் என்று என் மகனிடம் பொறுமையாகச் சொன்னார். ஆபத்து இருக்கிறது, அது சின்னது, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை சின்னது என்றார். அவன் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போனான்.

“ஆபத்தே இல்லைன்னு சொல்லியிருந்தா எனக்காவது நிம்மதியா இருந்திருக்கும்” என்றேன்.

“பூஜ்யம் என்கிட்ட இல்லண்ணே. கடலுக்கு நான் பூஜ்யம் எழுதினதே இல்ல.”

“போகாதேன்னு ஒரு வார்த்தை?”

“அது எண் இல்லையே. அதை நீங்கதான் சொல்லணும்.”

நான் சொல்லவில்லை. அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்து ஒரு மாதம் அவருடன் சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எப்போதும் போலத் தாள் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடி ஏறியபோது அவர் சர்ச்சுக்குப் போகாமல் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தார். உடனே வேலைக்கு வரச்சொல்லி ஆபீஸிலிருந்து காலையில்தான் தந்தி வந்திருந்தது. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கட்டிலின் மேல் அவர் சனிக்கிழமை போட்டுக் கொண்டுவந்த தாள் விரிந்து கிடந்தது. புயலின் நடுவைச் சுற்றி வளையம் வளையமாகப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு எண்கள். அவரே ஒரு கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“தம்பி கப்பல் பேரு அதுதானே?”

தலையாட்டினேன். கப்பல்கள் சொன்ன இடங்களின் பட்டியல் அவர் பையில் இருந்தது. ஒரு கையால் தலையை முடிந்துகொண்டே மறு கையில் பட்டியலைப் பிடித்துப் படித்தார். “இருக்குது. நேத்து சாயந்தரம். வடக்கு பதினைஞ்சு, கிழக்கு எண்பத்து மூணு. புள்ளி வையுங்கண்ணே, உங்க கைதான் நிதானமான கை.”

அவர் தாளில் வேறு யாரும் பேனா வைத்து நான் பார்த்ததில்லை. நேரமில்லை, அதனால்தான். இடது ஓரத்தில் எண்பது என்று எழுதியிருந்தது. கீழ் ஓரத்தில் பத்து. நான் எண்ணினேன், புள்ளி வைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே குனிந்து புள்ளி விழுந்த வளையத்தைப் பார்த்தார்.

“இருபத்தெட்டுலேர்ந்து முப்பத்தெட்டு நாட். இது வெளி வளையம். இதுக்குள்ள இருக்கிற வளையந்தான் பொல்லாதது. உங்க பையன் நனைவான், வாந்தியெடுப்பான். அவ்வளவுதான்.”

நாட் என்பது கடல்காரர்கள் வேகத்துக்குச் சொல்கிற அளவு. எனக்கு அதெல்லாம் அப்போது தலையில் ஏறவில்லை. அவ்வளவுதான் என்ற சொல் மட்டும் ஏறியது. அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் கீழே வந்து, மனைவியிடம் செய்தியையும் அவர் சொன்ன இரண்டு எண்களையும் அந்தச் சொல்லையும் சேர்த்தே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“முப்பத்தெட்டுக்கு மேல போவாதுன்னாங்களா?”

“ஆமாம்.”

“அவங்க சொன்னா சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பதினோரு மணிக்கு, கையை எதிலாவது வைத்தால் மனசு அடங்கும் என்று பாதியில் நின்ற கரை டிசைனை எடுத்தேன். மூன்று கட்டம் விட்டு ஒரு சிவப்பு. மூன்று கட்டம் விட்டு ஒரு சிவப்பு. கட்டத்தின் நடுவில் மையைத் தொட்டு வைத்த என் விரல் அப்படியே நின்றது.

எங்கள் தொழிலில் கோட்டின் மேல் எதுவும் கிடையாது. கோடு வெறும் வேலி. இழை இருப்பது கட்டத்துக்குள். மூன்று என்றால் மூன்றாவது கட்டம், அதன் நடு. முப்பது வருஷமாக இந்தக் கைக்கு வேறு கணக்குத் தெரியாது. அவர் தொழிலில் அது தலைகீழ். கட்டம் வெறும் இடைவெளி. எண் இருப்பது கோட்டின் மேல். எண்பத்து மூன்று என்பது ஒரு கோடு, பதினைந்து என்பது இன்னொரு கோடு, கப்பல் நிற்பது இரண்டும் வெட்டுகிற முனையில். நான் மூன்றாவது கட்டத்தையும் ஐந்தாவது கட்டத்தையும் எண்ணி, நட்டநடுவில் அழகாகப் புள்ளி வைத்திருந்தேன். அரைக் கட்டம் மேற்கே, அரைக் கட்டம் தெற்கே. அவர் தாளில் ஒரு கட்டம் அறுபது கடல் மைல். புயல் இருந்தது வடகிழக்கில். என் மகனின் கப்பலை என் பேனா புயலிலிருந்து நாற்பது மைலுக்கு மேல் தள்ளி வைத்திருந்தது.

ஒரு தடவை பார்த்த வரைபடம் எனக்கு மறக்காது. அதுதான் என் பிழைப்பு. கண்ணை மூடி அந்த முனையைத் தேடினேன். அது உள் வளையத்தில் இருந்தது. அதில் அவர் எழுதியிருந்தது நாற்பத்தைந்தும் அறுபதும்.

தபால் ஆபீஸுக்கு ஓடினேன். சென்னைக்கு டிரங்க் லைன் இல்லை, மழையில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்றார்கள். தந்தியும் போகாது. திங்கட்கிழமை காலை பஸ்ஸும் நின்றுபோனதால் ரயிலில் கிளம்பினேன். வாலாஜாபாத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்னால் ஏரி உடைந்து தண்டவாளத்தின் மேல் தண்ணீர் போகிறது. அரிசி மில் வாசலில் ஒதுங்கி நின்றபோது, மூட்டை தூக்குகிறவர் ஒருவர், “எங்கபா போவணும், இவ்ளோ அவசரமா?” என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஒரு புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் மாட்டு வண்டியில் ஏறித் திரும்பி வந்தேன்.

வீட்டில் என் மனைவி அமைதியாக இருந்தாள். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், “முப்பத்தெட்டுக்கு மேல போவாதாம், காத்துக்காரம்மா சொல்லிட்டாங்க, நனைவானாம், அவ்வளவுதானாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தறிக்காரர்கூட, “அந்தம்மா சொன்னா இருபதுல பத்தொம்பது சரிதாம்மா” என்று இந்தத் தடவை கிண்டல் இல்லாமல் சொன்னார். மகனின் சட்டைகளை எடுத்துக் கஞ்சி போட்டு உள்ளேயே கொடி கட்டி உலர்த்தினாள். அவள் சாய்ந்து நிற்கிற சுவர் நான் வரைந்த சுவர் என்று நான் எப்படிச் சொல்வது. சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்.

இன்னொரு நினைப்பு அதைவிடக் கொடுமை. அவர் பஸ்ஸில் தாளைப் பிரித்திருப்பார். அந்தப் புள்ளி தப்பான இடத்தில் இருப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. சுவாமி அரை மணி தாமதமாக வந்ததற்கே பன்னிரண்டு வீடு ஏறியவர், இதற்கு ஒரு ஆளையாவது அனுப்பியிருக்க மாட்டாரா? வழியில்லாமல் இருக்கலாம். அல்லது சொல்லக்கூடியதாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பல வருஷம் ஆகிறது. என் மகனுக்கே பிள்ளை பிறந்துவிட்டது. இப்போதும் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று போடுகிற கார்டு ஒரு நாள் தள்ளி வந்தால் அன்று முழுக்க வலது கையால் பேனாவைத் தொடுவதில்லை. புள்ளி வைத்த கை.

செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு மழை விட்டிருந்தது. அப்போது அவர் வந்தார். பஸ் இல்லாததால் சென்னையிலிருந்து ஒரு லாரி, அது விட்ட இடத்திலிருந்து இன்னொரு லாரி, மிச்சம் நடை. புடவை முழங்கால் வரைக்கும் சேறு. தாள் சுருள் மட்டும் எண்ணெய்த் துணியில் பத்திரமாக இருந்தது. மாடிக்குப் போகவில்லை. நேராக எங்கள் கூடத்தில் வந்து நின்றார். என் மனைவி சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கெழமை நான் சொன்னது தப்பு. புள்ளி கட்டத்துக்குள்ள இருந்துச்சு. கப்பல் நின்னது கோடு வெட்டுற எடத்துல. வாலாஜாபாத் தாண்டி பஸ்ஸுல பிரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. எறங்கித் திரும்பி வரலாமான்னு பாத்தேன். வந்தா சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆபீஸுக்குப் போனாத்தான் தெரியும்னு போயிட்டேன். அண்ணன் வச்சது அவர் தொழில்ல சரி. சரிபாக்காமப் படிச்சது நானு.”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அதான் ரெண்டு நாளா உங்களுக்குச் சோறு எறங்கலியா?”

அவர்தான் தொடர்ந்தார்.

“சரியான எடத்துக்கு என் கணக்கு நாப்பத்தஞ்சுலேர்ந்து அறுபது. அது தப்பா இருக்கட்டும்னு ஞாயித்துக்கெழமையும் நேத்தும் ஜெபம் பண்ணிக்கினே இருந்தேன் அக்கா. என் கணக்கு தப்பணும்னு நான் எப்பவும் கேட்டதில்ல. தப்பல. நேத்து சாயந்தரம் அந்த உள் வளையத்துலேர்ந்து சேதி வந்துச்சு. காத்து அம்பத்தி ரெண்டு.”

“அம்பத்தி ரெண்டா?” என்றாள் என் மனைவி. மடித்த சட்டை அவள் கையிலேயே இருந்தது. “அப்ப பையன்?”

அவருக்கு அந்தக் கேள்வி புரியச் சற்று நேரம் ஆனது. அம்பத்தி ரெண்டு என்று சொன்னதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்திருக்கிறார். பிறகு, ஏதோ தெரிந்த விஷயத்தை மறுபடி சொல்வது போலச் சொன்னார்.

“சேதி அனுப்பினதே தம்பி கப்பல்தான்கா.”